பெயர், எண், ஊர்: தில்லி ஆவணக்காப்பகமும் ஒப்பந்தக் கூலிகளின் வழிமுறைத் தேடலும்

தில்லி ஜன்பத் சாலையில், லட்யன்ஸின் வடிவமைப்பில் எழுந்து 1926இல் நிறைவுற்ற கட்டடத்தில் இந்திய தேசிய ஆவணக்காப்பகம் இயங்கிவருகிறது. 1891 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் 'இம்பீரியல் ரெக்கார்டு டிபார்ட்மென்ட்' என்ற பெயரில் தோன்றிய அலுவலகத்தின் தொடர்ச்சி அது. காலனிய அரசின் நிர்வாக நினைவு முழுவதும் அங்கே அடுக்கிவைக்கப்பட்டிருக்கிறது. வரலாற்று மாணவர்கள் பெரும்பாலும் அரசின் கொள்கை, சட்டம், கிளர்ச்சி, பஞ்சம் ஆகியவற்றைத் தேடி அங்கே செல்கின்றனர். ஆனால் டர்பனிலிருந்தும் போர்ட் லூயியிலிருந்தும் சுவாவிலிருந்தும் அந்தக் காப்பகத்தை நோக்கி வரும் கேள்வி வேறு வகையானது: "எங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்?"

கேட்பதற்கு எளிய கேள்வி இது. ஆயினும் அதற்கு விடை சொல்லும் முறையில் அந்தக் காப்பகம் அடுக்கப்படவில்லை. விடை கிடைத்த பல நேர்வுகளில், அதற்குக் காரணம் ஊதியமின்றியோ, ஊதியத்துக்குரிய வேலைக்கு அப்பாலோ பிறர்க்காகப் பெயர்களைப் படித்து எழுதிய தன்னார்வலர்களின் உழைப்பு. வரலாற்றுத்துறை நெடுங்காலம் பொருட்படுத்தாத அந்த உழைப்பின் வரலாறும், அதன்மீது இன்று ஏறியிருக்கும் சட்டச் சுமையும் கவனத்துக்குரியவை.

முதலில் காப்பகத்தின் இயல்பைப் பார்க்கலாம். இந்தியாவிலிருந்து கூலிகளைக் கடல்கடந்து அனுப்புவதை முறைப்படுத்திய முதற் சட்டம் 1837இல் வந்தது. 1883ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் அம்முறையை விரிவாக வகுத்தது. இவை தொடர்பான கோப்புகள் முதலில் உள்துறையிலும், 1871க்குப் பின் வருவாய்–வேளாண்மை–வணிகத்துறையின் குடிபெயர்வுப் பிரிவிலும், அடுத்து வணிக–தொழில்துறையிலும், 1923 முதல் கல்வி–நலவாழ்வு–நிலத்துறையிலும் சேர்ந்தன. ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் கோப்பு துறைவிட்டுத் துறை மாறிக்கொண்டே இருந்தது. தேடுவோர் முதலில் கற்க வேண்டியது இந்தத் துறைகளின் வமிசாவளியை.

அடுத்தது கோப்புகளின் தரவரிசை. காலனிய அலுவலகம் தன் நடவடிக்கைகளை 'ஏ', 'பி', 'சி', 'டெபாசிட்' எனப் பிரித்தது. கொள்கை சார்ந்தவை 'ஏ' வரிசையில் அச்சேறி, பொருளடைவும் பெற்றன. அன்றாட விவகாரங்கள் 'பி' வரிசைக்குப் போயின. 'சி' வரிசைக் கோப்புகள் குறித்த காலம் கழிந்ததும் அழிக்கப்பட்டன. சட்டத்திருத்தம் ஒன்றைப் பற்றிய விவாதம் 'ஏ' வரிசையில் பத்திரமாக இருக்கும். தோட்டத்தில் இறந்துபோன மகனைப் பற்றித் தாய் ஒருத்தி எழுதுவித்த மனுவோ 'பி'யிலோ 'டெபாசிட்'டிலோ கிடக்கும், அல்லது 'சி'யோடு மறைந்திருக்கும். தனி மனிதரின் பெயர் அற்ப விவகாரமாக வகைப்படுத்தப்பட்ட இடத்தில், பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருபவர்க்கு வழி கிடைப்பது அரிது.

ஓர் இடத்தில் மட்டும் அரசே வமிசாவளியைத் தேடியது. குடியேற்ற நாடுகளில் வாரிசு தெரியாமல் இறந்த இந்தியத் தொழிலாளர் விட்டுச்சென்ற சேமிப்புப் பணத்தை உரியவரிடம் சேர்க்க, இறந்தவரின் பெயர், தந்தை பெயர், ஜில்லா, கிராமம் ஆகியவற்றைக் குறித்த பட்டியல்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அந்தப் பட்டியல்கள் மாகாண அரசுகளின் வழியே ஜில்லாக்களுக்குச் சென்றன. உயிரோடு இருந்தபோது எண்ணாக அழைக்கப்பட்டவர், இறந்து பணம் விட்டுச்சென்ற பிறகே ஊரும் உறவும் உடையவராக அரசின் கண்ணில் பட்டார். குடிபெயர்வுப் பிரிவின் கோப்புகளில் வழிமுறை தேடுவோர் தவறவிடக்கூடாத ஆவணம் இது.

ஆவணங்களில் பெயர் எஞ்சுவது எல்லோர்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. இந்தியாவில் வாழ்ந்து மறைந்த ஆங்கிலேயர், ஆங்கிலோ-இந்தியர் ஆகியோரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய பதிவுகளின் படிகள் வங்காளம், சென்னை, பம்பாய் என மூன்று மாகாணங்களிலிருந்தும் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன. 1998இல் தோன்றிய 'ஃபிபிஸ்' எனப்படும் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தன்னார்வலர்கள் இத்தகைய பதிவுகளையும் பழைய நாளிதழ்களின் அறிவிப்புகளையும் பெயர் பெயராகப் படித்து எழுதி, எவரும் கட்டணமின்றித் தேடக்கூடிய அடைவாக்கினர். அதற்கு முன்பே, 1976இல் தியான் வில்கின்சன் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம், சிதைந்துவந்த கல்லறை வாசகங்களைப் படியெடுக்கும் பணியில் இறங்கியிருந்தது. தில்லி காஷ்மீரி கேட் அருகே, 1857 செப்டம்பரில் இறந்த ஜான் நிக்கல்சனின் பெயர் தாங்கிய கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டவரின் கொள்ளுப்பேத்தி, இங்கிலாந்தில் இருந்தபடியே தன் முன்னோரைத் தேட முடிகிறதென்றால், அதன் பின்னே இத்தகைய கூட்டுழைப்பு இருக்கிறது.

வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஹரித்வார் பண்டாக்களின் 'பஹி' ஏடுகள் உண்டு. தீர்த்தமாட வருவோர் தம் குடும்பத்தின் பிறப்பையும் இறப்பையும் தலைமுறை தலைமுறையாக அவற்றில் பதிவுசெய்து வந்தனர். தமிழகத்தில் காணியுரிமையும் கோயில் மரியாதையும் பெற்ற குடிகளுக்குப் பட்டயங்களும் செப்பேடுகளும் உண்டு. நிலமற்றவர்க்கு இவற்றில் எதுவுமில்லை. இந்தியக் குடிமதிப்பின் பெயர்வாரி விவரச் சீட்டுகள் கணக்கெடுப்பு முடிந்தபின் பாதுகாக்கப்படவில்லை. ஆகவே ஐரோப்பிய, அமெரிக்க வழிமுறை ஆய்வாளர்க்குக் கிடைக்கும் பெயர்வாரிக் குடிமதிப்பு இங்கே இல்லை. சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் 1899இல்தான் வந்தது. இந்தச் சூழலில் 1870களிலோ 1880களிலோ வடஆற்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்ட நிலமற்ற உழவுத்தொழிலாளி ஒருவரின் பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறியது, பெரும்பாலும், அவர் கப்பலேறிய நாளில்தான்.

கப்பல் பட்டியல்கள் என்று வழங்கும் அந்தப் பதிவேடுகளே ஒப்பந்தக் கூலிகளின் வழிமுறைத் தேடலுக்கு அடித்தளம். நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலான 'ட்ரூரோ', சென்னையிலிருந்து 342 பேருடன் புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றவர்கள். ஃபிஜிக்கு 1879 முதல் 1916 வரை 60,965 பேர் சென்றனர். அங்கே 1903 முதல் தென்னிந்தியரும் சேர்க்கப்பட்டனர். மொரீசியஸ் தீவுக்கு 1834இல் தொடங்கிய பெயர்வு சுமார் நாலரை லட்சம் பேரைக் கொண்டுசேர்த்தது. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம். மொரீசியஸில் 1860களிலிருந்து புகைப்படமும் சேர்ந்தது.

இத்தனை விவரங்களைப் பதிந்ததன் நோக்கம் அக்கறையன்று. ஐந்தாண்டு ஒப்பந்தத்தை மீறி ஓடிப்போகும் கூலியைப் பிடித்துவரவும், கூலிக்கணக்கைச் சரிபார்க்கவும், திரும்பும் பயண உரிமையை வரையறுக்கவும் அடையாளம் வேண்டியிருந்தது. ஆளைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்ட வரிகளையே நூறாண்டு கழித்து அவருடைய பேரப்பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழ்போல் கையில் ஏந்தி நிற்கின்றனர். இந்த முரணை மறவாமல்தான் அந்த ஆவணங்களைப் படிக்க வேண்டும்.

பெயர்வாரிப் பதிவேடுகள் பெரும்பாலும் போய்ச்சேர்ந்த நாடுகளிலேயே எஞ்சின. எனவே அடைவாக்கும் வேலையும் அங்கேயே தொடங்கியது. டிரினிடாடில் புவியியல் ஆசிரியராக இருந்த ஷம்சு தீன், தம் மூதாதையான முன்ராதினின் குடிவரவுப் பதிவை 1970களில் தேடிக் கண்டுபிடித்தார். அந்த அனுபவத்தைக் கொண்டு, தம்மை அணுகிய பிற குடும்பங்களுக்கும் வழிகாட்டத் தொடங்கினார். டிரினிடாட் இந்தியரின் வேர்களைக் கண்டறியும் முறையைப் பற்றிய அவருடைய நூல் 1994இல் வெளிவந்தது. பிரதமர்களாக இருந்த பாஸ்தியோ பாண்டே, கமலா பர்சாத்-பிசேசர் ஆகியோரின் முன்னோர் ஊர்களைக் கண்டறிந்ததில் அவருக்குப் பங்குண்டு. 2012இல் கமலா பர்சாத்-பிசேசர் பீகாரின் பக்ஸர் மாவட்டத்திலுள்ள பேலுப்பூருக்கு வந்தபோது, ஒரு பள்ளி ஆசிரியர் ஓய்வு நேரத்தில் தொடங்கிய வேலை அரசமுறைப் பயணத்தின் அங்கமாயிற்று.

தென்னாப்பிரிக்காவில் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாய் பிரெய்ன் உள்ளிட்ட வரலாற்றாசிரியர்களின் முயற்சியால் நேட்டால் கப்பல் பட்டியல்கள் கணினித் தரவாக மாறின. சுரேந்திர பானா அப்பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டு 1991இல் எழுதிய ஆய்வு, நேட்டால் கூலிகளின் ஜில்லா, சாதி, பால் விகிதங்களைப் புள்ளிவிவரமாக நிறுவியது. ஃபிஜியைப் பொறுத்தவரை அதே வேலையை பிரிஜ் லால் 1983இல் செய்திருந்தார். ஆய்வாளர்க்குப் புள்ளிவிவரமாகப் பயன்பட்ட தரவே குடும்பங்களுக்கு முகவரியாயிற்று. மொரீசியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இந்தியக் குடிவரவு ஆவணங்களைப் பேணி, வழித்தோன்றல்களுக்கு அவற்றின் படிகளை வழங்கிவருகிறது.

இந்திய அரசும் 2008இல் 'வேர்களைத் தேடல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர் தம் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தின் வழியே கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால், தனியார் அமைப்பு ஒன்றின் துணையோடு முன்னோர் ஊர் தேடித்தரப்படும். ஆயினும் விண்ணப்பப் படிவமே ஓர் உண்மையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முன்னோரின் பெயர், புறப்பட்ட ஆண்டு, கப்பல், துறைமுகம், ஜில்லா ஆகியவற்றில் பெரும்பகுதியை விண்ணப்பதாரரே முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். அவற்றை அறிவதுதான் தேடலின் கடினமான பகுதி. அந்தப் பகுதியில் துணைநிற்பவர் ஊரில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரோ, கோயில் சங்கச் செயலாளரோ, ஆவணக்காப்பகத்தில் தம் ஆய்வுக்கான கோப்பு வரும்வரை காத்திருக்கும் மாணவரோதான்.

அந்தத் துணை எப்படி இயங்குகிறது என்பதை ஆய்வு மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. தேடல் எப்போதும் நிகழ்காலத்திலிருந்து பின்னோக்கிச் செல்கிறது. முதலில் வாழ்ந்த நாட்டின் இறப்பு, திருமணப் பதிவுகள். அவற்றிலிருந்து குடிவரவு எண். எண்ணிலிருந்து கப்பல். கப்பல் பட்டியலிலிருந்து தந்தை பெயரும் ஊரும். பெயரைக் கொண்டு நேரே தேடுவோர் பெரும்பாலும் தவறான மனிதரிடம் போய்ச் சேர்வர். ஒரே கப்பலில் நான்கு முனிசாமிகள் இருப்பது அரிதன்று. எண் ஒருவர்க்கே உரியது. அதனால்தான் அனுபவமிக்க தன்னார்வலர் எவரும் முதற்கேள்வியாக எண்ணைக் கேட்கின்றனர்.

பெயரின் சிக்கல் அத்துடன் முடிவதில்லை. முதலியார் 'மூட்லி' ஆனதும், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனதும், படையாட்சி 'படயாச்சி' ஆனதும் தென்னாப்பிரிக்கத் தமிழர் அறிந்தவை. இவை சாதிப்பட்டங்கள் குடும்பப்பெயராக உறைந்த நேர்வுகள். மற்றொரு வகையில், முதலில் வந்தவரின் சொந்தப் பெயரே பின்வந்தோர்க்கெல்லாம் குடும்பப்பெயராகிவிட்டது. பெருமாள், சின்னசாமி, முனிசாமி என்ற குடும்பப்பெயர்களுக்குப் பின்னே அப்பெயருடைய ஒரு தனி மனிதர் நிற்கிறார். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் தமிழ் வழக்கை அறியாத பதிவாளர், மகனுக்குத் தந்தை பெயரையே குடும்பப்பெயராக எழுதி, அடுத்த தலைமுறையில் அதை நிலைக்கச் செய்தார். தமிழ்ப் பெயரிடல் மரபை அறிந்தவர்க்கு இது ஒரு பார்வையில் விளங்கிவிடும். அறியாதவர்க்கு ஆண்டுக்கணக்கில் விளங்காது. தமிழ் மாணவர் ஒருவர் பிறர்க்கு அளிக்கக்கூடிய முதல் உதவி இதுவே.

ஊர்ப்பெயர் அதைவிடக் கடினம். ஆங்கில எழுத்தில் ஒரே வடிவில் உள்ள பெயர் கோட்டூராகவும் கொத்தூராகவும் கொட்டூராகவும் இருக்கலாம். ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் பட்டியலில் மறைந்துவிட்டன. புதூர், புத்தூர், நல்லூர் போன்ற பெயர்கள் தாலுகாவுக்குப் பல உண்டு. எல்லைகளும் மாறிவிட்டன. நேட்டாலுக்குப் பெருந்தொகையினரை அனுப்பிய வடஆற்காடு ஜில்லாவிலிருந்து 1911இல் சித்தூர் பிரிந்தது. சித்தூரின் பகுதியாக ஆந்திரத்தோடு இருந்த திருத்தணி 1960இல் தமிழகத்துக்கு வந்தது. 1989இல் வடஆற்காடு இரண்டாகி, ஒரு பகுதி திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டது. எஞ்சிய வேலூர் மாவட்டத்திலிருந்து 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே கப்பல் பட்டியலில் 'வடஆற்காடு' என்றுள்ள ஊர் இன்று இரண்டு மாநிலங்களில், பல மாவட்டங்களில் ஏதோ ஒன்றில் இருக்கலாம். 'தமிழ்நாட்டில் தேடினோம், கிடைக்கவில்லை' என்று கைவிடப்பட்ட ஊர் ஆந்திரத்தில் இருந்துவிடக்கூடும். தாலுகாப் பெயரை அக்கால ஜில்லா வரைபடத்தோடு ஒப்பிட்ட பிறகே கிராமத்தைத் தேடப் புக வேண்டும்.

ஊர் உறுதியான பின் தேடல் தில்லியைவிட்டுக் கீழிறங்குகிறது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகம், மாவட்ட ஆவண அறைகளிலுள்ள நிலவரித்திட்டப் பதிவேடுகள், அப்பால் ஊர்ப் பெரியவர்களின் நினைவு. பரம்பரையாக ஊர்க்கணக்கை வைத்திருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டன. சமூகநீதியின் நோக்கில் அது வரவேற்கத்தக்கது. அதே சமயம் அந்தக் குடும்பங்களின் நினைவில் இருந்த ஊர்க்கதைகளைக் கேட்டறிய எஞ்சியிருக்கும் காலம் சுருங்கிவருகிறது. நிலமற்றவரின் பெயர் நிலப்பதிவேட்டில் இராது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் கிடைத்தும் உறவு கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இவ்வளவும் ஒப்பந்த முறையில் சென்றவர்களைப் பற்றியது. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி முறையில் சென்ற பெருந்தொகைத் தமிழரின் நிலை வேறு. அங்கே தொழிலாளியைக் கட்டியது ஒப்பந்தத்தைவிடக் கடன். கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டினார். இலங்கைத் தோட்டங்களில் அவரிடம் இருந்த 'துண்டு' தொழிலாளியின் கடனைச் சொன்னது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த தகரச் சீட்டு அவர் எந்தத் தோட்டத்துக்குரியவர் என்பதைச் சொன்னது. அவருடைய தந்தை யார், ஊர் எது என்பதை இரண்டும் சொல்லவில்லை. கொடிய ஒப்பந்த முறை பெயரைக் காத்தது. 'சுதந்திரமான' கங்காணி முறை பெயரைத் தொலைத்தது.

அந்தத் தொலைவின் விலை 1948இல் தெரிந்தது. இலங்கையின் குடியுரிமைச் சட்டம் வமிசாவளியைச் சான்றாகக் கேட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். பிறப்புப் பதிவே செம்மையாக நடவாத தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்களிடம் மூன்று தலைமுறைக் காகிதம் கேட்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை முதலில் புறக்கணித்த இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1951 ஆகஸ்டு கெடு நெருங்கியபோது நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. 1964க்குள் குடியுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே.

எஞ்சியவர்களின் கணக்கு தில்லியில் தீர்க்கப்பட்டது. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, நாடற்றவராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. மிஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவுசெய்ய ஒத்திவைக்கப்பட்டது. அந்த எண்களில் எவருடைய பெயரும் இல்லை. வழிமுறைத் தேடல் ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர்க்கு மலையகத் தமிழரின் இந்த வரலாறு போதிய மறுமொழி. தந்தை பிறந்த ஊரைக் காட்டும் ஒரு தாள் இருந்தால் குடிமகன், இல்லையேல் நாடற்றவர் என்ற நிலை நம் காலத்துக்கு மிக அருகில் இருந்திருக்கிறது.

இன்று அந்தக் கேள்வி வேறு முகத்தோடு திரும்பியிருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கான தகுதி தலைமுறைக் கணக்கில் அமைந்திருக்கிறது. மொரீசியஸின் ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினர்க்கும் அது கிடைக்கும் என்று 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. டிரினிடாட்–டொபாகோவின் ஆறாம் தலைமுறையினர்க்கு 2025 ஜூலையில் அவ்வாறே அறிவிப்பு வந்தது. தகுதியை விரிவாக்குவது எளிது. ஆறு, ஏழு தலைமுறைச் சங்கிலியை ஆவணத்தால் நிறுவுவது எளிதன்று. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பெயரின் எழுத்து மாறியிருக்கும். அதைச் சரியாகப் படித்துச் சொல்லும் தன்னார்வலரின் பொறுப்பு இனி ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சியோடு நின்றுவிடுவதில்லை. தவறான ஊகம் ஒன்று சட்ட ஆவணமாக உறைந்துவிடும் அபாயமும் உண்டு.

பொறுப்பின் மறுபக்கம், கண்டதை எப்படிச் சொல்வது என்பது. கப்பல் பட்டியலில் சாதி ஒரு பத்தி. கடல்கடந்தபின் சாதியைத் துறந்தவர்களும், பட்டத்தை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. நான்கு தலைமுறைகளாகக் குடும்பம் அறியாதிருந்த ஒரு சொல்லை, காலனிய எழுத்தர் எழுதிவைத்த இழிவான எழுத்துக்கூட்டலோடு திடீரென முன்வைப்பது உதவியாகுமா என்பதைத் தேடித்தருபவர் எண்ணிப்பார்க்க வேண்டும். மறைப்பதும் தீர்வாகாது. கேட்பவர்க்கு அது உரிய செய்தி. எழுத்தர் எவ்வாறு, யாரைக் கேட்டு, எந்த நோக்கில் அதை எழுதினார் என்ற விளக்கத்தோடு சேர்த்துத் தருவதே முறை.

பெண்களின் பதிவுகள் இன்னும் நுட்பமானவை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தை நிரப்புவதற்காகத் திரட்டப்பட்டவர்களில் தனியாக வந்தோர் பலர். கயூத்ரா பகதூர் தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியா 1903இல் கல்கத்தாவிலிருந்து கர்ப்பிணியாகத் தனியே பிரிட்டிஷ் கயானாவுக்குக் கப்பலேறியதைத் தேடி 2013இல் ஒரு நூல் எழுதினார். ஆவணம் சொல்ல மறுத்ததை நேர்மையாக வினாவாகவே விட்டுவைத்தது அந்நூலின் வலிமை. குடும்பக்கதையில் 'கணவனோடு வந்தவள்' என்று இருப்பவர் பட்டியலில் தனித்து நிற்கும்போது, அந்த இடைவெளியை அவதூறாலோ கற்பனையாலோ நிரப்பாதிருப்பது வரலாற்றாசிரியர்க்கும் தன்னார்வலர்க்கும் பொதுவான ஒழுக்கம்.

திரும்பி வருதல் எப்போதும் இனிய முடிவன்று என்பதையும் வரலாறு காட்டுகிறது. 1927ஆம் ஆண்டின் கேப்டவுன் ஒப்பந்தப்படி, வயதுவந்தவர்க்கு 20 பவுண்டு ஊக்கத்தொகையோடு தென்னாப்பிரிக்காவிலிருந்து பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர். திரும்பியவர்களின் நிலையை பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் நேரில் ஆராய்ந்து 1931இல் அறிக்கை வெளியிட்டனர். ஊரும் சாதியும் ஏற்க மறுத்தவர்களையும், கல்கத்தாவின் மட்டியாபுரூஜில் திரும்பவும் கப்பலேறக் காத்துக்கிடந்தவர்களையும் அது பதிவுசெய்தது. அரசுப் பதவி எதுவுமின்றி இந்தப் பணியைச் செய்த அவ்விருவரும் இன்றைய தன்னார்வலர்களின் முன்னோடிகள் எனலாம். சதுர்வேதி பின்னாளில் மாநிலங்களவை உறுப்பினராகத் தில்லியில் இருந்தார். அவருடைய கடிதத் தொகுப்பு தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. இன்று விமானத்தில் வந்திறங்கும் கொள்ளுப்பேரனுக்கு மாலை விழுகிறது. 1920களில் கையில் காசின்றி வந்த பாட்டனுக்கு அதே ஊரில் கதவு சாத்தப்பட்டிருக்கலாம். இப்போதும் நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்ற அச்சம் ஊர் உறவினர் சிலரிடம் எழுவதுண்டு. முதற்சந்திப்புக்கு முன் இரு தரப்பிடமும் பேசிவைப்பது தேடித்தருபவரின் கடமைகளில் ஒன்று.

தொழில்முறை வரலாற்றாசிரியர்க்கும் வழிமுறை தேடுவோர்க்கும் இடையே ஒரு பழைய விலக்கம் நிலவிவருகிறது. ஒருவர் ஆயிரம் பேரைப் பற்றிய முடிவை நாடுகிறார். மற்றவர்க்கு ஒருவரே போதும். ஆனால் இருவரும் கையாள்வது ஒரே பட்டியல். பானாவின் புள்ளிவிவரமும் ஒரு குடும்பத்தின் ஊர்த்தேடலும் அதே வரிகளிலிருந்து பிறந்தவை. குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் கடிதம், பணவிடைச் சீட்டு, புகைப்படம், வாய்மொழிக் கதை ஆகியவை எந்தக் காப்பகத்திலும் இல்லாத சான்றுகள். அவற்றை ஆய்வாளரிடம் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் இந்தத் தேடலே.

தேசிய ஆவணக்காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையவாயில் 2015இல் தொடங்கப்பட்டபின், குடிபெயர்வுப் பிரிவின் கோப்புத் தலைப்புகளைத் தொலைவிலிருந்தே தேட முடிகிறது. ஆனால் தலைப்பில் இல்லாத பெயர் தேடலில் வருவதில்லை. வாரிசற்ற சொத்துப் பட்டியல்களிலும் மனுக்களிலும் உள்ள தமிழ்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டு, சரியான தமிழ் வடிவத்தோடும் இன்றைய மாவட்டப் பெயரோடும் அடைவாக்கப்பட வேண்டும். ஆங்கில எழுத்தின் பின்னே மறைந்துள்ள தமிழ் ஊரைக் கண்டுகொள்ளும் கண் தமிழ் அறிந்த மாணவர்க்கே வாய்க்கும். தம் ஆய்வுக்கெனக் கேட்டு வாங்கிய கோப்பில் எதிர்ப்படும் பெயர்களை எண்ணோடும் ஊரோடும் தனியே குறித்துவைத்து, மற்றவர் பார்க்கும்படி பகிர்ந்தால் போதும். ஒரு மாணவர் பத்துப் பெயர்களை எழுதிவைத்தாலும், அவற்றில் ஒன்று கடலுக்கு அப்பால் எவரோ பல ஆண்டுகளாகத் தேடிவரும் பெயராக இருக்கக்கூடும்.